முதல் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மிதக்கும் பிரிட்ஜ் தேவையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எட்டு மாதமாக அக்கூஸ்டிக் கிட்டாரில் பழகியிருக்கிறீர்கள். இப்போது முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கிட்டார்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் பிரிட்ஜ், அதாவது உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பகுதி, உடலோடு திருகப்பட்டு அசையாமல் நிற்கிறது. மற்றொன்றில் ஃப்ளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் பிரிட்ஜ். முன்னும் பின்னும் ஆடும், சுருதியை அசைக்கும் கைப்பிடியான வாமி பாரும் உண்டு. மனம் இரண்டாவதில் இருக்கிறது. நண்பர் ஒருவர் "அது வெறும் தலைவலி" என்று தடுக்கிறார்.

அசையாத பிரிட்ஜ் உள்ளதை வாங்குங்கள். வாமி பார் இல்லாமல் முடியவே முடியாது என்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் இருக்கும் அந்த இரண்டாவது கிட்டார் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

நண்பரின் முடிவு சரி. அவர் சொன்ன காரணம்தான் போதவில்லை. ஃப்ளாய்ட் ரோஸ் பொருத்திய கிட்டாரைப் பல ஆண்டுகளாக நிம்மதியாக வாசிப்பவர்கள் எத்தனையோ பேர். தலைவலி என்பது பழகினால் போய்விடும். என் கவலை காதைப் பற்றியது. தொடக்க நிலையில் ஒரு ஸ்வரம் பிசகினால், பிழை விரலிலா கருவியிலா என்று பிரித்துச் சொல்லக் காதுக்குத் தெரியாது. பிரிட்ஜ் அசையாத கிட்டாரில் தந்திகளைச் சுருதி சேர்த்துவிட்டு வாசிக்கும்போது பிசகினால், பத்தில் ஒன்பது முறை விரலைச் சந்தேகிக்கலாம். மிதக்கும் பிரிட்ஜில் அந்த நம்பிக்கை கிடைக்காது. பிழை எங்கே என்று தெரியாமல் பழகுவது, கோணலான அளவுகோலை வைத்துக்கொண்டு கோடு போடப் பழகுவது போன்றது.

சொற்களில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். இல்லையென்றால் கடைக்காரர் சொல்வதும் நான் சொல்வதும் வேறு வேறாக இருக்கும். சுருதியை மேலும் கீழும் அசைப்பது விப்ராடோ. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைத்து அசைப்பது ட்ரெமலோ. 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார் வந்தபோது, ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் அதன் சுருதி அசைக்கும் பிரிட்ஜுக்கு ட்ரெமலோ என்று பெயர் வைத்தார். அதே நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபயர்களில் ஒலியளவை அசைக்கும் வசதிக்கு விப்ராடோ என்று பெயர் வைத்தது. இரண்டும் தலைகீழ். இத்தனை ஆண்டுகளாக யாரும் திருத்தவில்லை, நானும் ஊரோடு ஒத்து ட்ரெமலோ என்றே சொல்லப் போகிறேன்.

"மிதக்கும்" என்ற சொல்லுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. பழைய ஜாஸ் பாணி ஆர்ச்டாப் கிட்டார்களில் மரப் பிரிட்ஜ் எந்தத் திருகும் இல்லாமல் தந்திகளின் அழுத்தத்தால் மட்டும் உட்கார்ந்திருக்கும். அதையும் மிதக்கும் பிரிட்ஜ் என்பார்கள். 1958-ல் வந்த ஜாஸ்மாஸ்டரின் ட்ரெமலோவுக்கு ஃபெண்டர் வைத்த பெயரே "மிதக்கும் ட்ரெமலோ". இன்று பெரும்பாலானவர்கள் சொல்வது மூன்றாவது பொருளில்: பிரிட்ஜின் தகடு எதன்மேலும் சாயாமல் அந்தரத்தில் நிற்கும், பாரை அழுத்தினால் சுருதி இறங்கும், மேலே இழுத்தால் ஏறும். ட்ரெமலோ உள்ள எல்லாக் கிட்டாரும் மிதப்பதில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் சொல்லப்போகும் மூன்றாவது வழி அதில்தான் இருக்கிறது.

அந்தரத்தில் நிற்பது எப்படி? கிட்டாரின் பின்பக்கம் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஒரு குழி தெரியும். பிரிட்ஜின் அடியிலிருந்து கனமான உலோகக் கட்டை ஒன்று அந்தக் குழிக்குள் இறங்கியிருக்கும். அதில் மூன்று முதல் ஐந்து ஸ்பிரிங்குகள் மாட்டப்பட்டு, அவற்றின் மறுமுனை ஒரு கொக்கித் தகட்டில் கோக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டைக் கழுத்துப் பக்கத்து மரத்தோடு இரண்டு நீளமான திருகுகள் பிடித்திருக்கும். மேலே ஆறு தந்திகள் பிரிட்ஜை முன்னோக்கிச் சாய்க்கின்றன. பின்னே ஸ்பிரிங்குகள் அதைத் திருப்பி இழுக்கின்றன. தராசின் இரண்டு தட்டுகள். முள் நடுவில் நிற்கும்போதுதான் சுருதி சரி.

ஆறு தந்திகளின் இழுவிசை எவ்வளவு என்று பலருக்குத் தெரிவதில்லை. 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைக் கிட்டாரில் 9-42 தந்திக் கட்டைப் (முதல் தந்தியின் பருமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு, ஆறாவது 42 பங்கு) போட்டால் மொத்தம் 38 கிலோவுக்குச் சற்று மேல். 10-46 போட்டால் 46, 47 கிலோ. இவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டு தராசு முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு தட்டில் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் முள் நகரும்; முள் நகர்ந்தால் ஆறு தந்திகளும் சேர்ந்து நகரும். மிதக்கும் பிரிட்ஜைப் பற்றிய புகார்கள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன.

ஒரு தந்தியை ஒரு முழு ஸ்வரம் உயரும்வரை இழுத்து வளைக்கிறீர்கள் என்று வையுங்கள். அதிர்வெண் சுமார் 12 சதவீதம் உயர வேண்டும். அதற்கு இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். இரண்டாவது தந்தியில் ஐந்து கிலோ இருந்த இடத்தில் இப்போது ஆறேகால் கிலோ. அசையாத பிரிட்ஜில் இது அந்தத் தந்தியோடு முடிந்துவிடும். மிதக்கும் பிரிட்ஜில் இந்த ஒன்றேகால் கிலோ தராசைச் சாய்த்துவிடும்: பிரிட்ஜ் கொஞ்சம் முன்னே வரும், மற்ற ஐந்து தந்திகளும் சுருதி இறங்கும். நீங்கள் வளைக்கும் தந்தியும் அந்த அளவுக்கு ஏமாற்றும். அதே ஸ்வரத்தை எட்ட இன்னும் தூரம் இழுக்க வேண்டும். ஒரு தந்தியை வளைத்துக்கொண்டே பக்கத்துத் தந்தியைச் சேர்த்து ஒலிக்கும் இடங்களில், ப்ளூஸிலும் கன்ட்ரியிலும் இது சாதாரணம், பக்கத்துத் தந்தி அபஸ்வரமாகக் கேட்கும். வல்லுநர்கள் அதையும் ஒரு விரலால் ஈடுகட்டுவார்கள். உங்களால் இன்று முடியாது, முடிய வேண்டிய அவசியமும் இல்லை.

ட்ராப் டி என்ற சுருதியமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கனமான ராக் வாசிக்க விரும்புகிறவர்கள் முதல் மாதத்திலேயே அதைத் தேடுவார்கள். ஆறாவது தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும். அசையாத பிரிட்ஜில் ஒரே ஒரு பெக்கை, அதாவது சுருதி முறுக்கும் ஆணியை, திருக வேண்டும், பத்து விநாடி வேலை. மிதக்கும் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் 6.7 கிலோவில் கிட்டத்தட்ட 1.4 கிலோ குறைகிறது. ஸ்பிரிங்கின் கை ஓங்குகிறது. மற்ற ஐந்தும் மேலே ஏறுகின்றன. அவற்றை இறக்கிச் சரிசெய்தால் ஆறாவது மறுபடி ஏறும். இப்படி நான்கைந்து சுற்று. அடுத்த பாட்டுக்குப் பழைய சுருதி வேண்டும் என்றால் மறுபடியும் அதே யாத்திரை.

தந்தியின் பருமனை மாற்றுவதும் அப்படித்தான். 9-இல் தொடங்கிவிட்டு 10 எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுவீர்கள். தொடக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், செய்யவும் வேண்டும். எட்டு கிலோ கூடுதல் பாரம் ஏறினால் பிரிட்ஜ் முன்னே கவிழ்ந்து நிற்கும். மூடியைக் கழற்றிக் கொக்கித் திருகுகளை முடுக்க வேண்டும், சில சமயம் ஒரு ஸ்பிரிங்கைக் கூட்ட வேண்டும். எந்தப் பருமன், எந்தச் சுருதி, எந்தப் பாணி என்று இன்னும் முடிவு செய்யாத ஒருவருக்கு, ஒவ்வொரு சோதனைக்கும் கருவியைத் திறந்து மூட வேண்டியிருந்தால் அவர் சோதனை செய்வதையே விட்டுவிடுவார். இது நான் மாணவர்களிடம் பலமுறை பார்த்தது.

உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின்மேல் வைத்துத் தந்திகளை அமுக்கி வாசிக்கும் முறையும் உண்டு. கை கொஞ்சம் கனத்தால் மிதக்கும் பிரிட்ஜ் பின்னே சாய்ந்து சுருதி உயரும். இதை மட்டும் நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். கையை லேசாக வைக்கப் பழகுவது எப்படியும் நல்லது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பிடிவாதம் அங்கிருந்து வந்தது. என் முதல் எலெக்ட்ரிக் கிட்டார், நீங்கள் இப்போது ஆசைப்படுகிற மாதிரியான ஒன்று: ஃப்ளாய்ட் ரோஸின் மலிவான நகல் பொருத்தியது. வாங்கிய இரண்டாம் வாரம் முதல் தந்தி அறுந்தது. மற்ற ஐந்தும் ஒரேயடியாகச் சுருதி ஏறி நின்றன. பெக்குகள் வழுக்குகின்றன போலும் என்று நினைத்து ஐந்தையும் இறக்கிச் சேர்த்தேன். புதிய தந்தியைப் போட்டதும் ஐந்தும் தொப்பென்று இறங்கின. ஏற்றினேன். முதல் தந்தி இறங்கியது. இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெக்கைத் திருகத் திருகச் சுருதி மாறவே இல்லை. நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் படிந்து செல்லும் பள்ளக் கட்டையின்) பூட்டை இறுக்கி வைத்துவிட்டுப் பெக்கைத் திருகிக்கொண்டிருக்கிறேன் என்பது, நட்டுக்குப் பின்னால் அந்தத் தந்தி பட்டென்று அறுந்த பிறகுதான் தெரிந்தது. அன்று மாலை மூன்று மணி நேரம் போனது, ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை.

இது சிரிக்கக்கூடிய கதை. அடுத்தது அவ்வளவு சிரிப்பில்லை. ஓராண்டு அந்தக் கிட்டாரில் தந்தி வளைக்கப் பழகினேன். பிறகு ஒரு நண்பரின் அசையாத பிரிட்ஜ் கிட்டாரை வாங்கி வாசித்தபோது என் வளைவுகள் எல்லாம் ஸ்வரத்தைத் தாண்டிப் போய் விழுந்தன. மிதக்கும் பிரிட்ஜ் கொடுத்த இடத்தை ஈடுகட்ட, தேவைக்கு அதிகமாக இழுக்க என் விரல் பழகியிருந்தது. அதை மாற்ற இன்னும் ஆறு மாதம். அதுவரை என் காதை நான் கேட்டதே இல்லை, விரலில் பதிந்த தூரத்தை மட்டும் நம்பியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதனால் ஃப்ளாய்ட் ரோஸ் மோசமான கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பாரை வெறித்தனமாக அழுத்திவிட்டு விட்டால் தந்திகள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் நட்டிலும் பெக்கிலும் சிக்கிக்கொள்கின்றன என்பதுதான் பழைய ட்ரெமலோக்களின் நோய். ஃப்ளாய்ட் ரோஸ் என்ற கிட்டார் கலைஞர் 1970-களின் பிற்பகுதியில் இதற்கு வழி கண்டார். 1979-ல் காப்புரிமை கிடைத்தது. தந்தியை நட்டில் ஒரு பூட்டு, பிரிட்ஜில் ஒரு பூட்டு என இரண்டு முனையிலும் இறுக்கிவிட்டால் இடையில் வழுக்க இடமே இல்லை. தந்திகள் தொளதொளவென்று தொங்கும்வரை அழுத்திவிட்டு விட்டாலும் சுருதி திரும்பி வரும். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் அதைக் கையில் எடுத்த பிறகு 1980-களின் ராக் ஒலியே மாறியது. நட்டைப் பூட்டிவிட்டால் பெக்குகள் பயன்படாது என்பதால் பிரிட்ஜிலேயே சிறு திருகுகளை, நுண்சுருதித் திருகுகளை, பின்னர் சேர்த்தார்கள்.

ஆனால் அதே வான் ஹேலன் தன் பிரிட்ஜை மிதக்க விடவில்லை என்பதைக் கவனியுங்கள். தகட்டை உடலின்மேல் உட்கார வைத்திருந்தார். பார் கீழே மட்டும் போகும், மேலே வராது. அந்தரத்தில் நிறுத்துவது வாமி பாருக்குக் கட்டாயம் அன்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நான் எச்சரிப்பது மலிவு விலை ஃப்ளாய்ட் நகல்களைப் பற்றி. இந்த வகைப் பிரிட்ஜ் இரண்டு தூண்களில் கத்திமுனை போன்ற விளிம்புகளால் சாய்ந்து ஆடுகிறது. முனை கூர்மையாகவும் கடினமாகவும் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் அதே புள்ளிக்குத் திரும்பும். நல்ல தயாரிப்பில் அது கடினப்படுத்திய எஃகு. மலிவானதில் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை வார்த்தெடுத்தது. சில ஆண்டுகளில் முனை மழுங்கும், அப்புறம் எந்தப் பூட்டும் சுருதியைக் காப்பாற்றாது. இன்னொன்றும் யோசியுங்கள். ஒரே விலையில் இரண்டு கிட்டார் இருக்கிறதென்றால், பூட்டும் நட்டும் ஆடும் பிரிட்ஜும் பின்குழியும் உள்ள கிட்டாரில் பணம் அவற்றுக்குப் போயிருக்கிறது. மரத்திலோ ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வேலையிலோ பிக்கப்பிலோ (தந்தியின் அசைவை மின்குறியாக்கும் பாகம்) எங்கோ மிச்சம் பிடித்திருப்பார்கள். தொடக்கக்காரரின் கைக்கு முதலில் உறைப்பது ஃப்ரெட் வேலை. அதில் மிச்சம் பிடித்த கிட்டார் விரலைக் கீறும், தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும்.

இனி அந்த மூன்றாவது வழி. ஸ்ட்ராடோகாஸ்டர் பாணி ட்ரெமலோ உள்ள கிட்டார், அதாவது முன்விளிம்பில் ஆறு திருகோ இரண்டு தூணோ உள்ளது, பூட்டும் நட் இல்லாதது. தொழிற்சாலையிலிருந்து அது பின்புறம் சற்று உயர்ந்து மிதக்கும்படி வரலாம். ஃபெண்டரின் சொந்த அளவுக் குறிப்பில் பழைய பாணிப் பிரிட்ஜுக்கு அந்த இடைவெளி 3.2 மில்லிமீட்டர். அதை நீங்களே உடலோடு படிய வைத்துவிடலாம். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், மரத்தை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், வேண்டும்போது பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். பின்மூடியைக் கழற்றுங்கள். கொக்கித் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகுகளையும் மாற்றி மாற்றி அரைச் சுற்று முடுக்குங்கள். ஒன்றையே முடுக்கிக்கொண்டு போனால் தகடு கோணலாகும். நான்கைந்து முறை முடுக்கியதும் மீண்டும் சுருதி பாருங்கள், ஏறியிருக்கும், இறக்கிச் சேருங்கள். பிரிட்ஜின் அடித்தகடு உடலைத் தொடும்வரை இதைத் தொடருங்கள். தொட்ட பிறகும் இன்னும் ஓரிரு சுற்று வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு சோதனை: மூன்றாவது தந்தியை ஒரு முழு ஸ்வரம் வளைத்தபடியே ஆறாவது தந்தியை மீட்டுங்கள். ஆறாவது அசையாமல் ஒலித்தால் போதும். இறங்கினால் ஸ்பிரிங்கின் பிடி போதவில்லை. திருகுகள் முடிவுக்கு வந்துவிட்டும் இறங்கினால் ஒரு ஸ்பிரிங்கைக் கூட்டுங்கள். 10-46 தந்தி போடுகிறவர்களுக்கு நான்கு அல்லது ஐந்து தேவைப்படலாம். வேலை முடிந்ததும் பிரிட்ஜின் பின்பக்கம் தாழ்ந்திருப்பதால் தந்திகள் ஃப்ரெட்டுக்கு நெருங்கி இரையக்கூடும். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் படியும் சிறு கட்டைகளான சாடில்களைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிட்டு, அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் சாடிலைப் பின்னே தள்ளுங்கள், குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம் கொண்டுவாருங்கள்.

இப்படிச் செய்த கிட்டாரில் தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் அப்படியே இருக்கும். ட்ராப் டி பத்து விநாடியில் வரும். பார் கீழே போகும், மெல்லிய அசைவும் தரும். இழப்பது பாரை மேலே இழுக்கும் வசதி ஒன்றைத்தான். கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் போல ஒவ்வொரு ஸ்வரத்தையும் பாரால் மேலும் கீழும் வருடி, ஏறத்தாழக் கமகம் போல ஆக்கும் வாசிப்புக்கு மிதக்கும் பிரிட்ஜ் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது விரலால் ஸ்வரத்தைப் பிடிக்கத் தெரிந்த பிறகு வருகிற கலை. எரிக் கிளாப்டன் இன்னொரு எல்லைக்குப் போனார்: ஐந்து ஸ்பிரிங்குகளையும் மாட்டி, பின்குழியில் மரத்துண்டைச் செருகி, பிரிட்ஜ் எந்தப் பக்கமும் அசையாதபடி செய்துவிட்டார். ட்ரெமலோ உள்ள கிட்டாரை வாங்கி ட்ரெமலோவைக் கட்டிப்போட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

அசையாத பிரிட்ஜ்களில் வகைகள் உண்டு, அதில் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹார்ட்டெயில் என்பது தட்டையான தகட்டில் ஆறு தனிச் சாடில்கள். சரிசெய்ய மிக எளிது, தொடக்கத்துக்கு நான் முதலில் கைகாட்டுவது இதை. டெலிகாஸ்டரின் பழைய பாணியில் மூன்று சாடில்தான், ஒன்றில் இரண்டு தந்தி. பன்னிரண்டாம் ஃப்ரெட் சுருதி துல்லியமாக அமையாமல் சமரசம் செய்ய வேண்டிவரும், ஆனாலும் அந்த ஒலியை விரும்புகிறவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. கிப்ஸனின் ட்யூன்-ஓ-மேட்டிக் 1954-ல் லெஸ் பால் கஸ்டமில் வந்தது. தூண்களின் மேல் ஒரு பாலமும் பின்னால் தந்திகளைக் கோக்கும் ஒரு கட்டையும் தனித்தனியாக இருக்கும். தந்தி முழுதும் கழற்றினால் இரண்டும் கையோடு வந்துவிடும், பயந்துவிடாதீர்கள். அசையாத வகை அன்று என்றாலும், பிக்ஸ்பி என்ற ட்ரெமலோ பொருத்திய கிட்டாரும் கண்ணில் படலாம். பார்க்க அழகு, அசைவு மென்மை; தந்தி மாற்றும்போது பந்துமுனையை அந்தச் சிறு முளையில் மாட்டிப் பிடித்துக்கொண்டே முறுக்க மூன்று கை வேண்டும்.

"மிதக்கும் பிரிட்ஜில் ஸ்வரம் நீண்டு ஒலிக்காது" என்று ஒரு வாதம் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொடக்கக்காரர் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஃப்ரெட் வேலையும் தந்தியின் வயதும் உங்கள் விரல் அழுத்தமும் இதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

கடையில் என்ன பார்ப்பது? பிரிட்ஜ் எந்த வகையானாலும் முதலில் சுருதி சேர்த்து, மூன்றாவது தந்தியை மூன்று முறை நன்றாக வளைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் காரணம் அநேகமாக நட். பெக்கைத் திருகும்போது "டிங்" என்று ஒரு துள்ளல் கேட்டால் தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி விடுபடுகிறது என்று பொருள். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் ஓரளவு சரியாகும். பள்ளம் மிகவும் குறுகலாக இருந்தால் பழுதுபார்ப்பவர் அராவ வேண்டும். "ட்ரெமலோவால் சுருதி நிற்கவில்லை" என்று என்னிடம் வந்த கிட்டார்களில் கணிசமானவற்றுக்கு நான் செய்த வைத்தியம் நட்டில்தான், பிரிட்ஜைத் தொடவே இல்லை. ட்ரெமலோ இருந்தால் பாரை நான்கு முறை மெதுவாக அழுத்தி விடுங்கள், பிறகு சுருதி பாருங்கள். பக்கவாட்டில் குனிந்து பிரிட்ஜின் தகட்டைப் பாருங்கள்: முன்னே கவிழ்ந்தோ பின்னே குழிக்குள் சரிந்தோ இருந்தால் அந்தக் கிட்டாரை யாரும் சரிசெய்யாமலே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதுவே வாங்காமலிருக்கக் காரணமாகாது. ஆனால் அந்த நிலையில் வாசித்துப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கையைக் கழுத்தின் ஓரமாக ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனைகள் குத்தக் கூடாது. தந்தி புதிதாக இருந்தால் சுருதி நிற்காதது இயல்பு. ஒவ்வொன்றையும் கையால் மெல்ல இழுத்து நீட்டிவிட்டுச் சோதியுங்கள்.

இவ்வளவு சொல்லியும் உங்கள் மனம் அந்த ஃப்ளாய்டிலேயே நிற்கலாம். நீங்கள் கேட்டு வளர்ந்த இசை முழுக்க, பாரை அழுத்திச் சுருதியைச் சரிய விடும் அந்த டைவ் ஒலிதான் என்றால், பிடிக்காத கிட்டாரை வாங்கி மூலையில் வைப்பதைவிடப் பிடித்ததை வாங்கித் தடுமாறுவது மேல். அப்படியானால் மூன்று விஷயங்களை வாங்கிய அன்றே செய்யுங்கள்.

ஒன்று, அதை மிதக்க விடாதீர்கள். பெரும்பாலான ஃப்ளாய்ட் கிட்டார்களில் பிரிட்ஜுக்கு அடியில் பள்ளம் வெட்டியிருப்பதால் ஸ்ட்ராட்டில் செய்ததுபோல் திருகை முடுக்கினால் தகடு உடலில் படியாது, பள்ளத்துக்குள் சரியும். பின்குழியில், ஸ்பிரிங்குகள் இருக்கும் பக்கமாக, உலோகக் கட்டைக்கும் மரச்சுவருக்கும் நடுவில் இடைவெளிக்குச் சரியாகச் சீவிய மரத்துண்டை வையுங்கள். பிரிட்ஜின் தகடு உடலுக்கு இணையாக நிற்கும் அளவில் துண்டின் தடிமன் இருக்க வேண்டும். பிறகு ஸ்பிரிங்குகளைக் கொஞ்சம் முடுக்கினால் உலோகக் கட்டை அந்த மரத்தின்மேல் அழுந்தி நிற்கும். பார் கீழே மட்டும் போகும். தந்தி அறுந்தாலும் மற்றவை தப்பும்.

இரண்டு, ஆறு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். சுத்தம் செய்ய எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் பிரிட்ஜின் பின்பகுதிக்கு அடியில் மடித்த துணியைத் திணித்துவிடுங்கள். தந்தியின் பந்துமுனையை வெட்டிவிட்டு வெறும் முனையைச் சாடிலில் செருகி இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே தந்தியைப் பிடிக்கும் சிறு கட்டை விரிசல் விடும். நட்டைப் பூட்டும் முன் நுண்சுருதித் திருகுகள் எல்லாவற்றையும் பாதித் தூரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அப்போதுதான் பூட்டிய பிறகு இரண்டு பக்கமும் நகர இடம் இருக்கும். தூண்களின் உயரத்தைத் தந்திகள் முழு இறுக்கத்தில் இருக்கும்போது திருகாதீர்கள். கத்திமுனை அங்கேதான் தேயும்.

மூன்று, ஆலன் கீ, அதாவது அறுகோண முனையுள்ள திருகுச் சாவி. பூட்டுத் திருகுகளுக்குப் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அளவு. பெட்டியோடு வரும் ஒன்று இரண்டாம் மாதத்தில் காணாமல் போகும், இது இயற்கை விதி. கூடுதலாக இரண்டு வாங்கி, ஒன்றைக் கிட்டார் பையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். நட் பூட்டியிருக்கும் நிலையில் கையில் ஆலன் கீ இல்லாமல் தந்தி அறுந்தால் அன்றைய வாசிப்பு அத்தோடு முடிந்தது.